அரியலூர், பெரம்பலூர்: இரண்டும் கருவிளம்

உ.வே. சாமிநாதையர் என்றதும் ஓலைச்சுவடிகளும் சங்க நூற் பதிப்புகளும்தான் முதலில் நினைவுக்கு வரும். 1871-இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்ததும் பலருக்குத் தெரியும். அதற்கு முந்திய பருவத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. செய்யுள் என்றால் என்ன, அது எதனால் ஆனது என்று அவர் எழுத்தெண்ணிக் கற்றது அப்போதுதான். அந்தப் பருவத்தின் பெரும்பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் கார்குடியிலும் செங்கணத்திலும் கழிந்தது. இன்றைய கணக்கில் எல்லாம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்து ஊர்கள். கவிதை எழுத ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு இந்த ஊர்களின் வரிசையையே நான் காட்டுவேன். அதில் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது.

அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஊர் ஊராகப் போய் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொல்லி, அதில் வரும் ஆதரவைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். ஆகவே பையன் காதில் முதலில் விழுந்தது பாட்டு. அடுத்து அரியலூரில் சடகோபையங்காரிடம் சிறு நூல்களைப் படித்துத் தமிழின் ருசியை அறிந்தார். பிறகு குன்னம். பிறகு கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். இவ்வளவும் ஆன பிறகே செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. அமிதசாகரர் இயற்றிய இந்த நூல்தான் செய்யுள் இலக்கணம் கற்க நினைப்பவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக முதல் வாசல்.

பாட்டு முதலில், சொல் இரண்டாவது, இலக்கணம் மூன்றாவது, யாப்பு நான்காவது. இந்த வரிசை முக்கியம். காரிகையை முதல் நாளே கையில் எடுத்தவர்கள் பலர் பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு போதவில்லை என்று சொல்ல முடியாது. நூல் சொல்லும் ஓசை அவர்கள் காதில் இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆகவே தொடங்குபவருக்கு என் முதல் யோசனை: ஒரு மாதம் எதுவும் எழுத வேண்டாம். தேவாரமோ திருப்புகழோ பாரதியோ, பிடித்ததை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படிப்பது கணக்கில் வராது. வீட்டில் பாட்டி இருந்தால் தாலாட்டும் நடவுப் பாட்டும் பாடச் சொல்லிக் கேளுங்கள். எங்கே இழுக்கிறார், எங்கே வெட்டுகிறார், எந்தச் சொல்லில் திரும்பி வருகிறார் என்று கவனியுங்கள். தரம், தத்துவம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மாதம் முடிந்தபின் யாப்புக்கு வரலாம். யாப்பு என்றதும் மிரள வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களை வைத்தே அதன் பாதியைச் சொல்லிவிடலாம்.

ஒரு சொல்லை நாம் உச்சரிக்கும்போது அது சிறு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. அந்தத் துண்டுக்கு அசை என்று பெயர். அசையில் இரண்டே வகை, நேர் ஒன்று, நிரை ஒன்று. நெடில் எழுத்தில் அசை தொடங்கினால் அது தனியாக நின்று நேரசை ஆகும். குறில் அப்படியில்லை. தனக்கு அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு நிரையசை ஆகிவிடும். அடுத்து வருவது புள்ளி வைத்த எழுத்தாக இருந்தால், அல்லது சொல்லே முடிந்துவிட்டால், குறிலும் நேர்தான். புள்ளி எழுத்துகள் முன்னால் உள்ளதோடு ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்குத் தனிக் கணக்கு இல்லை. கல், கால், ஆ மூன்றும் நேர். மரம், விழா, கடல் மூன்றும் நிரை. ஐகாரம் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும்போது குறில்போலக் குறுகி ஒலிக்கும் என்பதை மட்டும் கூடுதலாக நினைவில் வையுங்கள். மழை என்பது நிரை.

அசைகள் சேர்ந்தால் சீர். இரண்டு அசை கொண்ட சீர்கள் நான்கு வகை. அவற்றை நினைவில் வைக்க முன்னோர் மரங்களின் பெயர்களை வைத்தார்கள்: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பெயரே அந்தச் சீருக்கு உதாரணமாக நிற்கும். தே, மா என்பது நேர் நேர். புளி, மா என்பது நிரை நேர். கூ, விளம் நேர் நிரை. கரு, விளம் நிரை நிரை.

இனி ஊருக்கு வருவோம். குன்னம்: குன், னம். நேர் நேர், தேமா. ஏலாக்குறிச்சியின் பின்பாதியான குறிச்சியை மட்டும் எடுங்கள்: குறிச், சி. நிரை நேர், புளிமா. செங்கணம்: செங், கணம். நேர் நிரை, கூவிளம். கார்குடி, செந்துறை, சாத்தனூர், கொள்ளிடம் எல்லாம் அதே கூவிளம்தான். அரியலூர்: அரி, யலூர். நிரை நிரை, கருவிளம். பெரம்பலூர்: பெரம், பலூர். அதுவும் கருவிளம். இரண்டு மாவட்டத் தலைநகரங்களும் ஓசையில் ஒரே அளவு. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தாலும் செய்யுளின் நடை கெடாது.

மூன்றசைச் சீரும் உண்டு. இரண்டசைச் சீரோடு ஒரு நேர் கூடினால் காய், நிரை கூடினால் கனி. திருமானூர்: திரு, மா, னூர். நிரை நேர் நேர், புளிமாங்காய். ஜெயங்கொண்டமும் புளிமாங்காய்தான். பேருந்தில் போகும்போது கண்ணில் படும் ஊர்ப் பலகை, கடைப் பெயர், லாரியின் பின்னால் எழுதிய வாசகம் எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதலில் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். சில வாரங்களில் காது தானாகச் சொல்லிவிடும். அசை பிரிப்பது கணக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது காதுக்குத் தரும் பயிற்சி. எண்ணுவது நின்று, கேட்கத் தொடங்கும் நாளில்தான் அந்தப் பாடம் முடிகிறது.

சீர்கள் ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கின்றன என்பது அடுத்த பாடம். அதற்குத் தளை என்று பெயர். வெண்பாவுக்கு மூன்று விதி போதும். மாச்சீரை அடுத்து நிரை வர வேண்டும். விளச்சீரை அடுத்து நேர் வர வேண்டும். காய்ச்சீரை அடுத்தும் நேர் வர வேண்டும். கனிச்சீருக்கு வெண்பாவில் இடம் இல்லை. கடைசிச் சீர் மட்டும் ஓரசையாகவோ, ஓரசையோடு குற்றியலுகரம் சேர்ந்தோ முடியும். அந்த நான்கு முடிவுகளுக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று பெயர். வெண்பாவில் மிகச் சிறியது குறள் வெண்பா. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், மொத்தம் ஏழு. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் தமிழில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏழு சீர்தான் என்பதால் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். ஏழே சீர் என்பதால் ஒரு சொல்கூடச் சும்மா நிற்க முடியாது.

ஒன்று கட்டிப் பார்ப்போம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன ஒரு மரம் கிடக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். இந்தப் பகுதி கடலாக இருந்த காலத்தில் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வண்டலில் புதைந்து கல்லாக மாறியது என்று புவியியலார் சொல்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் ஒருவர் மனதில் முதலில் இப்படித்தான் தோன்றும்: “கல்லாய்ப் போன மரத்தின் கதைகேட்டு.” வாக்கியம் சரி, பொருளும் சரி. தளையைப் பாருங்கள். கல், லாய்ப் என்பது நேர் நேர், தேமா. அடுத்து நிரை வர வேண்டும். வந்திருப்பதோ போ என்ற நேர். இங்கே ஓசை தட்டுகிறது.

சரி, “போன” என்ற சொல்லை எடுத்துவிட்டு நிரையில் தொடங்கும் சொல் ஒன்றைத் தேடுவோம். சமைந்த, உறைந்த, படிந்த, கிடக்கும். கடைசியில் வந்ததை வைத்துப் பார்க்கலாம்:

கல்லாய்க் கிடக்கும் மரத்தின் கதைகேட்டுச்
சொல்லாய் முளைக்கும் விதை.

சீர் பிரித்தால்: தேமா, புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, மலர். மாவுக்குப் பின் நிரை, காய்க்குப் பின் நேர், எங்கும் பிசகு இல்லை. இது பெரிய கவிதை என்று நான் சொல்ல வரவில்லை, பயிற்சிக்குக் கட்டியது. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். “போன” என்பது முடிந்துபோன செய்தி. “கிடக்கும்” என்பது இன்றைக்கும் கண்முன் நடப்பது. மரம் இன்னும் அங்கே இருக்கிறது, இன்னும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது என்ற பொருள் அந்த ஒரு சொல்லால் வந்தது. அந்தச் சொல்லைத் தேட வைத்தது தளை. முதலில் வாய்க்கு வரும் சொல் பெரும்பாலும் எல்லாருக்கும் வரும் சொல்தான். யாப்பு அதை மறுக்கிறது, வேறு கொண்டுவா என்கிறது. நாம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சொல்லுக்குப் போகிறோம். கவிதை எழுதக் கற்பது என்று நான் சொல்வது இந்தத் தேடலைத்தான்.

அடுத்தது எதுகையும் மோனையும். இரண்டு அடிகளின் முதற்சீர்களிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வருவது எதுகை. கல்லாய், சொல்லாய் என்பதில் ல் ஒத்து வருகிறது. இதில் தொடங்குபவர்கள் கவனிக்க மறக்கும் ஒரு நுட்பம்: முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கல்லுக்குச் சொல் எதுகை, கால் எதுகை ஆகாது. முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. “கல்லாய்” என்று தொடங்கிய அடியில் நான்காவது சீராகக் “கதைகேட்டு” வந்திருப்பது அது.

எதுகைக்குச் சொல் கிடைக்காமல் திண்டாடுவது இன்றைக்கு வந்த துன்பமல்ல. அதற்கு மருந்து தேடிய ஒருவர் இதே அரியலூர்ச் சீமையில் வாழ்ந்தார். திருமானூரை ஒட்டிய கொள்ளிடக் கரை ஊர் ஏலாக்குறிச்சி. அங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பது வயதில் இந்தியா வந்த பிறகு தமிழின் அகர முதல் கற்கத் தொடங்கினார். அவருக்குச் செந்தமிழ் கற்பித்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தொடங்கி ஏறத்தாழப் பதினாறு ஆண்டில், 1726-இல், சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 36 படலமும் 3,615 பாடலும் கொண்ட தேம்பாவணியை முடித்தார். ஏலாக்குறிச்சிக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அந்த ஊர் மாதாவின்மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்.

தாய்மொழியே வேறான ஒருவர் முப்பது வயதுக்கு மேல் தமிழ் யாப்பைக் கற்று ஒரு காப்பியமே பாடிவிட்டார். “எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் யாப்பு வருமா” என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் வேண்டுமா? ஆனால் அவர் அதை எப்படிச் செய்தார் என்பதுதான் நமக்கு உதவும். அவர் கருவிகளைச் செய்துகொண்டார். 1730-இல் தொன்னூல் விளக்கம் என்ற ஐந்திலக்கண நூலை எழுதி, அதில் யாப்பையும் அணியையும் முறைப்படி வகுத்தார். 1732-இல் சதுரகராதி வந்தது. பெயருக்கு ஏற்ப அதில் நான்கு பகுதி. ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருளைச் சொல்வது பெயரகராதி. ஒரு பொருளுக்கு உள்ள பல சொல்லைச் சொல்வது பொருளகராதி. தொகைப் பெயர்களை விரிப்பது தொகையகராதி. நான்காவது தொடையகராதி, எதுகைக்கு ஒத்த சொற்களை வரிசைப்படுத்தித் தருவது. இந்த நான்கும் செய்யுள் கட்டுகிறவர் மேசையில் வேண்டிய பொருள்கள்தாமே! “போன” என்பது பொருந்தாதபோது அதே பொருளில் வேறு சொல் தேடினோமே, அதற்குப் பொருளகராதி. கல்லுக்கு இணை தேடினால் தொடையகராதி.

இன்றைக்கு நீங்களும் ஒன்று தொடங்கலாம். நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஓர் எதுகை: ல், ள், ற்ற, ன்ன, ட்ட. எங்கே நல்ல சொல் காதில் விழுந்தாலும் அந்தந்தப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அகராதிச் சொற்களைவிட வழக்குச் சொற்கள் நிறைய இருக்கட்டும். சின்ன வெங்காயம் பட்டறை போடும்போது பேசுகிற சொற்கள், மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும்போது பேசுகிற சொற்கள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்காரர் பேசுகிற சொற்கள். அரியலூர் சிமெண்ட் ஆலைத் தூசியைப் பாட நிலவையும் மல்லிகையையும் நம்பிப் பயனில்லை.

வீரமாமுனிவர் செய்த இன்னொரு காரியமும் செய்யுளைத் தொட்டது. ஓலையில் எழுதிய காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்கு மேலே புள்ளி வைப்பது முறை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று பலரும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்போது கொடு என்பதும் கோடு என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே தெரியும். பொருள் மட்டுமா மாறுகிறது? கொடு நிரை, கோடு நேர் நேர். தளையே மாறிப்போகும். குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு என்று அவர் பிரித்துக் காட்டினார். நாம் இன்று எழுதுவது அந்த வழக்கம்தான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கியதிலிருந்து புதுக்கவிதை வேரூன்றிவிட்டதே, இனி யாப்பு எதற்கு? நியாயமான கேள்வி. புதுக்கவிதை எழுத யாப்பு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்தாலும் யாப்பைக் கற்றவர் எழுதும் புதுக்கவிதையில் அடி எங்கே முறிய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். உரைநடையை எடுத்து வரிக்கு மூன்று சொல்லாக மடித்துவைத்தால் அது கவிதை ஆகாது என்பது அவருக்குச் சத்தமாகப் படித்த உடனே தெரிந்துவிடும். ஒரு வருஷம் குறள் வெண்பாவும் ஆசிரியப்பாவும் எழுதிவிட்டுப் பிறகு எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள். கையில் இருப்பதை விடுவது வேறு, இல்லாததை விட்டேன் என்பது வேறு.

புத்தகத் துணை வேண்டுமென்றால் காரிகையை உரையோடு வாங்குவதற்கு முன் கி.வா. ஜகந்நாதனின் ‘கவி பாடலாம்’ படியுங்கள். அவர் சாமிநாதையரின் மாணவர். குருவிடம் கற்றதை எளிய தமிழில் சொல்லியிருக்கிறார். அ.கி. பரந்தாமனாரின் ‘கவிஞராக’ நூலும் தொடங்குபவர்களுக்காகவே எழுதியது. அவலோகிதம் என்ற மென்பொருள் நாம் தட்டச்சு செய்யும் அடிகளை அசை, சீர், தளை எனப் பிரித்துக் காட்டிவிடும். நல்ல கருவி, ஆனால் முதலில் கையால் பிரித்து, பிறகு சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

புத்தகமும் மென்பொருளும் தராத ஒன்றும் உண்டு. எழுதியதைக் கேட்டு, இங்கே தட்டுகிறது என்று சொல்ல ஓர் ஆள். பள்ளித் தமிழாசிரியராக இருக்கலாம், ஊரில் வெண்பா எழுதும் பெரியவராக இருக்கலாம், உங்களைப் போலவே தொடங்கும் நண்பராகவும் இருக்கலாம். விருத்தாசல ரெட்டியார் தம்மிடம் காரிகை கேட்ட மாணவரைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் படிக்க வேண்டும் என்று மேலே காட்டினார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். பாராட்டு மட்டும் சொல்பவர் பத்துப் பேர் கிடைத்தாலும் அந்த ஒருவருக்கு ஈடாகாது.

ஈற்றடி கொடுத்து மேலடியைப் பாடச் சொல்வது பழைய பயிற்சி. இதோ ஓர் ஈற்றடி:

வெள்ளமாய் வந்த மழை.

கூவிளம், தேமா, மலர். “கொள்ளிடம்” என்று உங்கள் அடியைத் தொடங்கினால் எதுகை அமைந்துவிடும். அது கூவிளம், ஆகவே அடுத்த சீர் நேரில் தொடங்க வேண்டும். ஈற்றடியின் முதலில் “வெள்” என்ற நேர் நிற்பதால் உங்கள் நான்காவது சீர் விளத்திலோ காயிலோ முடிய வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு சீரும் உங்கள் விருப்பம்.